தலை உடைந்த சர்வே கல்

மகள் வீட்டுச் சமையலறை மேடைக்குக் கல் அறுக்கிறார்கள். வீடு முழுக்க ஈரக் கல்பொடி வாசனை. சாம்பல் கல்லில் அங்கங்கே சிவப்புப் பொட்டு. "டிசைன் நல்லாருக்குல்லப்பா?" என்றாள். டிசைன் இல்லை, கார்னெட். பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை உருமாறும்போது உள்ளேயே விளைகிற மணி என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் பிளம்பரைக் கூப்பிடப் போய்விட்டாள். சரி, நீங்கள் கேளுங்கள்.

நிலவியல் படித்துவிட்டு, காவிரி டெல்டாவில் குடவாசல் பக்கம் சர்வேயர் வேலையில் சேர்ந்தேன். கல் பைத்தியம் பிடித்தவனுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் வண்டல். மாங்காய் அடிக்கக்கூட ஒரு கல் அகப்படாது. நாங்கள் நடுகிற சர்வே கற்களே திருச்சிப் பக்கமிருந்து லாரியில்தான் வரும்.

நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார்களிடமிருந்து எடுத்த நிலத்தை இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலம் அது. நடவு வேலை செய்துவந்த கோவிந்தம்மாளுக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், கிடைத்தது. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அவர் வயல் மூலையில் நான் நட்ட கல்லின் தலையில் சர்க்கார் அம்புக்குறி. அதற்குப் பக்கத்திலேயே கொண்டைக்கடலை அளவில் ஒரு கார்னெட், யாரும் தீட்டாமலே பட்டை பட்டையாக. நட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த ஞாபகமாகவே இருந்தது. ஒரு மத்தியானம், ஆள் அரவம் இல்லை என்று பார்த்து, சுத்தியலும் உளியுமாகப் போனேன். மணியை மட்டும் எடுக்கத்தான் நினைத்தேன். அம்புக்குறியோடு கல்லின் தலையே பெயர்ந்து வந்துவிட்டது. நான் படித்த லட்சணம் அப்படி. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அறுப்பு நெருங்கியபோது, பழைய மிராசுதாரின் காரியக்காரர் தகராறு கிளப்பினார். மற்ற மூலைக் கற்களை யாரோ ஏற்கெனவே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

"குறியே இல்லாத கல்லுங்க. இந்தம்மா எங்கேருந்தோ கொண்டாந்து எங்க நெலத்துல நட்டுருக்கு" என்றார்.

விசாரணைக்கு வந்த தாசில்தார் என்னைப் பார்த்தார். "நீங்க நட்டதா? அப்ப குறி எங்க?"

குறி என் பேண்ட் பையில் இருந்தது. எடுத்துத்தான் போயிருந்தேன், காட்டுவேனா என்று எனக்கே தெரியாது. காட்டினால் வேலை போய்விடும். கோவிந்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையைத் தாங்காமல்தான், வெட்கம் பிடுங்கித் தின்ன, உடைந்த துண்டை எடுத்துக் கல்லின் மேல் வைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

நிலம் அவருக்கு நின்றது. எனக்கு மெமோ. துண்டு, சாட்சியாக ஃபைலோடு போனது.

வாய்க்கால் கரையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க ஒடைச்சப்ப நான் அந்தாண்ட களை பறிச்சுக்கிட்டுதான் இருந்தேன் சார். பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சர்க்கார் ஆளு ஒடைச்சாருன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

போன தை மாதம் அந்தப் பக்கம் போனேன். வயல் இருந்த இடத்தில் புறவழிச் சாலை வருகிறது. கல் இல்லை, வரப்பு இல்லை, கோவிந்தம்மாளும் இல்லை. சாலைக்குக் கொட்டியிருந்த ஜல்லி மலையில் எங்கு பார்த்தாலும் சிவப்புப் பொட்டு. வாழ்நாள் முழுக்கச் சேர்க்கலாம், அவ்வளவு கார்னெட். சுற்றிலும் யாரும் இல்லை. ஒன்றைக்கூட எடுக்கக் கை வரவில்லை.