மூக்கால் வாங்கிய முதலிடம்

திருவிடந்தை பஸ் நிறுத்தத்தில் மீன் விற்கும் குப்பம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. அவளையே மூன்று மாதமாக ஆட்டி வைத்தது ஒரு செல்போன் ஆப். சர்க்கரைக்காரர்கள் நேரத்துக்கு இன்சுலின் ஊசி போடுகிறார்களா என்று பார்க்க, கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுவேதா செய்தது. காலை எட்டு மணிக்கு அலறும். "போட்டுட்டேன்" என்ற பச்சை பட்டனை அமுக்கினால் ஒழிய வாயை மூடாது. அந்தப் பிடிவாதத்தில் சுவேதாவுக்கு ஒரே பெருமை.

எட்டு மணி என்றால் குப்பம்மாவுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். கையெல்லாம் சங்கரா மீன் செதில். முன்னால் நாலு கார். அவள் என்னதான் செய்வாள், பாவம்! குனிந்து, பலகை மேல் கிடக்கும் போனில் மூக்கால் ஓர் இடி. "வாழ்த்துகள்!" என்று சொல்லிவிட்டுப் போன் அடங்கும். ஊசியா? மீன் தீர்ந்தபின் ஞாபகம் வந்தால் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அதிகம்.

அன்று பரிசோதனைக்காகக் காலையிலேயே கிளினிக் போயிருந்தாள். சுவேதாவும் வந்து, டாக்டர் அருணகிரியிடம் யார் யார் ஒழுங்காக ஊசி போட்டார்கள் என்ற ஆப் பட்டியலை நீட்டினாள். "பாருங்க சார், ஒரு நாள்கூட விடல. குப்பம்மாக்காதான் ஃபர்ஸ்ட்!"

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத குப்பம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. உண்மை தொண்டை வரை வந்தது. முழுங்கிவிட்டாள்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தினமும் போட்டும் சர்க்கரை முந்நூறா? அப்போ மருந்து பத்தல. அளவை ஏத்திடலாம்." பேனாவைத் திறந்தார்.

குப்பம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள். மருந்து அளவு மீறினால் ஆளையே சாய்த்துவிடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொல்லித் தொலைக்கலாமா? சொன்னால் ஃபர்ஸ்ட் போச்சே!

மணி எட்டு. மேஜை மேல் இருந்த போன் அலறியது. கை சுத்தமாகத்தான் இருந்தது. பழக்கம் விடுமா? டாக்டர் கண்ணெதிரே குனிந்து மூக்கால் இடித்தாள். "வாழ்த்துகள்! இன்றைய ஊசி போட்டாச்சு!"

டாக்டரின் பேனா அப்படியே நின்றது. "எங்கம்மா போட்டீங்க?"

"இன்னா டாக்டரே பண்றது? கை பூரா செதிலு. இது வேற கத்திகினே கீது. வாய மூட ஒரு பட்டன்தான வெச்சிக்குது இந்தப் பாப்பா!"

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டார். "இதை நம்பி ஏத்தியிருந்தா, ஒழுங்கா ஊசி போடுற அன்னைக்கு நீங்க மயங்கி விழுந்திருப்பீங்க." சுவேதாவுக்கு முகம் செத்துப்போனது.

மறுவாரம் சுவேதா மூன்று நாள் மீன் பலகை பக்கத்திலேயே உட்கார்ந்து, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். புது ஆப்பில் இன்னொரு பட்டன் வந்தது. "கை வேலையா இருக்கு." மூக்குக்கு வாகாக, பெரிதாக. இடித்தால் பத்து நிமிஷம் சும்மா இருந்து மறுபடி கூப்பிடும். "போட்டுட்டேன்" என்பதை மட்டும் விரலால் இழுத்தால்தான் ஏற்கும். மூக்கால் முடியாது. குப்பம்மா முயன்று பார்த்துவிட்டாள்.

மாதக் கடைசியில் பட்டியலில் அவள் பெயர் அடியில் கிடந்தது. சுவேதா தயங்கித் தயங்கித்தான் காட்டினாள்.

"அதுக்கு ஏன் பாப்பா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? முப்பது நாள்ல பத்தொம்போது. அத்தினியும் நெசமா குத்தினது. நம்பலன்னா வா, வவுத்துல எண்ணிக்கோ!"