அக்கா அடகு வைக்காத வீடு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் படத்துக்கு மாலை போட வந்திருக்கும் உறவுகள் அனைவருக்கும் தங்கையின் வணக்கம். சென்ற ஆண்டு கருமாதிப் பந்தியில் ஒருவர், "பாவம், பொழைக்கத் தெரியாத பொம்பள" என்று அக்காவைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

திமிரிக்குப் பக்கத்துச் சிற்றூரில், எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். பிள்ளை இல்லை, மாமாவும் சீக்கிரமே போய்விட்டார். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தவர், ஓய்வு பெற்ற அன்றுதான் எழுந்தார். கோபக்காரர். சூப்பர்வைசரே அவரிடம் யோசித்துத்தான் பேசுவார்.

அப்பாவின் நிலத்தை விற்றபோது அக்கா, அண்ணன், நான் என மூவருக்கும் பங்கு வந்தது. நெடுஞ்சாலை ஓரம் தோல் தொழிற்பூங்கா வரப்போகிறது என்று ஊரே பேசிய நேரம் அது. மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவார்கள். பத்திரம் பதிவதற்குள் அதிக விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவார்கள். அண்ணன் தன் பங்கு முழுவதையும் பல மனைகளுக்கு அட்வான்ஸாகவே கொடுத்துவிட்டார். அக்காவையும் கூப்பிட்டார்.

அக்கா போகவில்லை. கம்பெனிகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் பழைய வீடு தேடினார். எந்த வீட்டைப் பார்த்தாலும் அங்கிருந்து ஒரு கேன் போர் தண்ணீர் பிடித்துவந்து துவரம்பருப்பு வேகவைப்பார். தோல் கழுவிய தண்ணீர் இறங்கிய மண் என்றால், எவ்வளவு கொதித்தாலும் பருப்பு வேகாது. இது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும், மனை வாங்கும்போது மட்டும் மறந்துபோகும்.

"இன்னாம்மா, வீடு வாங்க வந்தியா, சாம்பார் வெக்க வந்தியா?" என்று புரோக்கர் சிரித்தார்.

"ரெண்டுத்துக்குந்தான். தண்ணி சரியில்லாத வூட்டுக்கு எவன்யா குடித்தனம் வருவான்?" என்றார் அக்கா.

பருப்பு வெந்த வீட்டை வாங்கினார். மாடியையும் பின் போர்ஷனையும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். ஓய்வுக்குப் பிறகு அந்த வாடகைதான் அவருக்குச் சோறு போட்டது. யார் கையையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

பூங்கா வரவில்லை. அண்ணன் யாருக்குக் கைமாற்ற நினைத்தாரோ அவரும் இன்னொருவருக்குக் கைமாற்றவே வந்தவர். பத்திரம் பதிந்து நிஜமாகவே வாங்குகிற ஆள் ஒருவர்கூட இல்லை. பத்திரம் பதிய வேண்டிய கெடு நெருங்கியதும் அண்ணன் அக்காவிடம் ஓடினார்.

"உன் வூட்டுப் பத்திரத்த அடகு வெச்சுக் குடுக்கா. ஒரு மனையாவது பதிஞ்சுட்டா தப்பிச்சுடுவேன்."

"தரமாட்டேன்டா. நீ ஆடுனது சூதாட்டம். அதுல இந்த வூட்டையும் வெக்கச் சொல்றியா?" என்ற அக்கா, அதே மூச்சில், "பின் போர்ஷன் காலியா கீது. பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு வந்து இரு. வாடக கேக்கமாட்டேன்" என்றார்.

அண்ணன் முறைத்துக்கொண்டு போனார். கெடு முடிந்தது, அட்வான்ஸும் போயிற்று. சில மாதங்களில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஆனால் அக்காவுக்குக் கிடைத்த பெயர் கல்நெஞ்சக்காரி. அப்படிச் சொன்ன உங்களில் யாராவது அண்ணனுக்கு ஓர் அறை கொடுத்தீர்களா? நேராகவே கேட்கிறேன். எனக்கு இதில் வெட்கமில்லை. என் அக்காவை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

கடைசி மாதங்களில் அக்காவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி அழைத்துப்போன குடித்தனப் பெண்களுக்கும், கூடவே இருந்து தாய்போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தோள் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. வீட்டை எப்போது விற்கப்போகிறோம் என்று அக்கறையோடு விசாரித்துவரும் உறவுகளுக்கும் நன்றி.

அக்கா எழுதிவைத்தபடி வீடு இன்று அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. போன வாரம் ஒரு புரோக்கர் பெரிய விலையோடு வந்து நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன், "இதுல நாங்க குடியிருக்கோம்பா. நீ கெளம்பு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.