லுகருக்கு முன்னும் பின்னும் அளந்த நிழல்

ஐம்பதுகளில் ஒரு மாரிக்காலம். என் மூத்த சகோதரி, ராத்தாவின் வளவில் நின்ற தென்னை வேர் அரித்து, காற்றுக்கு ஆடத் தொடங்கியது. அதில் ஏறித் தலையைக் கழிக்க மரம் வெட்டுபவர் மறுத்துவிட்டார். மூன்று பக்கமும் அயல்வீடுகள். அடியில் வெட்டி, ராத்தாவின் புருஷனான மச்சானின் தறிக்கொட்டிலை நோக்கி மட்டுமே சாய்க்கலாம். கொட்டில் ஐம்பத்திரண்டு அடி தள்ளி இருந்தது. மரத்தின் உயரம்தான் தெரியவில்லை.

மச்சான் பெருநாளைக்கு உடுக்கும் சாறன்களுக்குத் தறியில் பாவு நூல் பூட்டியிருந்தார்.

"தறியக் கழட்டட்டா மச்சான்? கழட்டினா பெருநாளைக்கு ஒண்டும் நெய்து முடியா" என்று என்னிடம் கேட்டார்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிது. "பொறுங்க, மரத்தில ஏறாமலே அளந்து தாறன்" என்றேன்.

மரமும் அதன் நிழலும் ஒரு முக்கோணி. பக்கத்தில் கம்பொன்றை நட்டால் அதே வடிவில் இயல்பொத்த சிறிய முக்கோணி. மூன்று நீளங்கள் தெரிந்தால் நான்காவது கிடைத்துவிடும். மரத்தின் நிழலை அளந்தேன், முப்பத்தாறு அடி. அப்போது பள்ளிவாசலில் லுகருக்குப் பாங்கு கேட்டது. அந்த நடுப்பகல் தொழுகையை முடித்து, ராத்தா போட்ட சோற்றையும் தின்றுவிட்டு வந்து நாலடிக் கம்பை நட்டேன். அதன் நிழல் மூன்றடி. ஆகவே மரம் நாற்பத்தெட்டு அடி.

"தறியில படாது. கழட்டத் தேவல்ல."

"ஓம், வாத்தியார் சொன்னாச் சரிதான்."

மறுநாள் சாய்த்தபோது மரத்தின் தலை கூரையைப் பிளந்துகொண்டு தறியின் மேல் விழுந்தது. பாவு முழுவதும் அறுந்து சேற்றில் கிடந்தது.

"வெட்டினதில பிழை. மரம் அடியால எகிறிட்டு" என்றேன். மரம் வெட்டியவர் என்னைப் பார்த்தார்; பிறகு கோடரியைத் துடைக்கத் தொடங்கினார்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போகும்போது முற்றத்துக் கம்பின் நிழல் நீண்டு கிடந்தது. நிழலைப் பார்த்தே தொழுகை நேரம் சொல்லப் பழகியவன் நான். மரத்தின் நிழல் உச்சி வெயிலில் அளந்தது. கம்பின் நிழல் சாய்ந்த வெயிலில் அளந்தது. அவை இயல்பொத்த முக்கோணிகளே அல்ல.

திரும்பி வந்தேன். சொல்லத்தான் வந்தேன். மச்சான் முறிந்த பலகைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க கணக்குப் பார்க்கக்குள்ள மரம் வளர்ந்திட்டாக்கும் மச்சான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பெருநாளுக்கு அவர் இன்னொருவரின் தறியில் கூலிக்கு நெய்தார். அதன்பின் சொந்தத் தறி போடவேயில்லை. மரம் வெட்டியவரை அந்தத் தெருவில் எவரும் வேலைக்குக் கூப்பிடவுமில்லை. இரண்டு நிழல்களையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டுமென்று வகுப்பில் வருடாவருடம் சொன்னேன். என் பிழையைச் சொல்லியிருக்கவேண்டிய அந்த இருவரும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள்.