பாட்டுகளோடு போன குரல்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை பாண்டிச்சேரி வைத்திக்குப்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தோம். இரண்டாயிரத்து ஏழாக இருக்கலாம். என் மனைவி நர்ஸ். அவள் வார்டில் உதவியாளராக இருந்த ஒரு அக்காவின் மகள் அப்போதுதான் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த என் மச்சான் எங்களுக்கு ஒரு லேப்டாப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சும்மா தூசி பிடிச்சுக் கெடக்குது. அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடலாங்க" என்றாள் மனைவி. எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரெட்டியார்பாளையம் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து உட்கார்ந்தேன். சிபியூவின் மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறியில் தூசி கம்பளி மாதிரி சுற்றியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியதும் மிக்சர் துணுக்குகளும் மனைவியின் ஹேர்பின் ஒன்றும் விழுந்தன. மானிட்டரை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன்.

பிறகு உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட சிடி இல்லை, எங்கேயோ தொலைந்திருந்தது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தேன். கல்யாண போட்டோக்களை சிடியில் ஏற்றிக்கொண்டேன். பழைய கடிதங்கள், என் பயோடேட்டா எல்லாம் போனது. பாட்டுகள் இருந்த ஃபோல்டருக்கு வந்தபோது மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

"அத அழிக்காதீங்க. வயசுப் பொண்ணு, கேக்கட்டுமே."

சரியென்று திறந்துகூடப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சின்ன கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்தேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். கேள்வியை இங்கிலீஷில் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் தமிழ் மீடியம். என் மனைவியோ டாக்டர்களிடம் இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிறவள். அவளிடம் போய்ச் சொல்லிக்கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் டியூட்டிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, மச்சானோடு பேசுவதற்காக வாங்கிய மைக்கை மாட்டிக்கொள்வேன். எதிரில் அதிகாரி உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசிப் பதிவுசெய்வேன். கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பேசுவேன். கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அங்கே இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அந்தப் பதிவுகளை அப்போதே அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதற்கு வசதியாக அவற்றைப் பாட்டுகளோடு சேர்த்துப் போட்டுவைத்தது மறந்தே போயிருந்தது.

அன்று சாயங்காலமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். தெருமுனைக்கு மேல் ஆட்டோ போகவில்லை. அந்த அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மானிட்டரைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் மேஜை போட்டு, பூப்போட்ட துணி விரித்து வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வாசல்வரைக்கும் நின்றார்கள். நான் வயர்களை மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரை நீலமாக வந்ததும் அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒரு பாட்டு போடு கண்ணு" என்றார் மகளிடம்.

அவள் ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டாள். பாட்டுகளுக்குப் பெயர் இருந்தது. நான் பேசியவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான் வைத்திருந்தேன். எண்கள் முதலில் வந்து நின்றன.

"குட் மார்னிங் சார்" என்றது ஸ்பீக்கர். என் குரல்.

குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருஷ அனுபவம் இருக்கிறது சார், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார், சம்பளத்தைப் பற்றிக் கவலையில்லை சார், தயவுசெய்து ஒரு வாய்ப்பு கொடுங்கள் சார். எல்லாம் தப்பும் தவறுமான இங்கிலீஷில். வார்த்தைக்கு வார்த்தை சார்.

முடிந்ததும் அந்த அக்காவின் முகம் மலர்ந்தது.

"இன்னா இங்கிலீஷு பாரு சாருக்கு! சிஸ்டர், நீங்க சொல்லவே இல்லியே?"

"கம்ப்யூட்டருக்குள்ளயே பேசி வச்சிக்கிறாரு பாரேன்" என்றார் அவர் வீட்டுக்காரர். "இன்னொரு தபா போடும்மா. இவங்களும் கேக்கட்டும்."

வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருங்கி வந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அப்பா சொல்லிவிட்டார். மறுபடி போட்டாள். நான் கெஞ்சியதை நானே நின்று இரண்டாம் முறை கேட்டேன். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது பதிவு தொண்டைச் செருமலோடு ஆரம்பித்தது. அந்தப் பெண் சட்டென்று நிறுத்திவிட்டாள். "அப்புறம் பாட்டு கேக்கலாம்ப்பா" என்றாள்.

திரும்பி வரும்போது கடற்கரைச் சாலையில் மனைவி கேட்டாள்:

"நான் இல்லாதப்ப பேசினதா?"

"ம்."

"எங்கிட்ட பேசிப் பாத்திருக்கலாம்ல? நான் இன்னா சிரிச்சிருப்பனா?"

அவள் சிரித்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பாவம் என்று பார்த்திருப்பாள். அதற்குத்தான் பயந்தேன். அன்றைக்கு அதுவும் நடந்துவிட்டது.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது பதிவில் நான் பாதியிலேயே உடைந்து அழுதிருந்தேன். நிறுத்தக்கூடத் தோன்றாமல் அழுதது அப்படியே பதிவாகியிருந்தது. அழுகை புரிய யாருக்கும் இங்கிலீஷ் வேண்டாமே.

மறுநாள் கடை முடிந்ததும் சைக்கிளில் நேராக வைத்திக்குப்பம் போனேன். அந்தப் பெண் மட்டும்தான் வீட்டில் இருந்தாள். வாசலில் நின்றுகொண்டே, "ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குதும்மா" என்றேன்.

"வாங்க அங்கிள்" என்று கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தாள். "நான் அப்புறம் ஒண்ணையும் தொறக்கல. நீங்களே வந்து பாப்பீங்கன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே போய்த் தெருவைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் ஒவ்வொன்றாக அழித்தேன். அவள் உண்மையிலேயே திறக்கவில்லையா, எனக்காக அப்படிச் சொன்னாளா, தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

வெளியே வந்தபோது அவள் அம்மா எதிரே வந்துகொண்டிருந்தார். "இன்னா சார், தண்ணிகூட குடிக்காம கெளம்பிட்டீங்க? உங்க இங்கிலீஷப் பத்தித்தான் தெருவெல்லாம் பேச்சு" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன். பின்னால் அந்த வீட்டிலிருந்து ஒரு பாட்டு ஆரம்பித்தது.