பூட்டிக்கொண்ட கோப்புகள்

மாரண்டஹள்ளியில் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் வரவேற்பில் இருந்த காலம் அது. கணினிப் பாதுகாப்புக்காக அரசு வெளியிட்ட வழிகாட்டியை எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா அக்கா வரி விடாமல் படித்தவர். அதில் சொன்னபடி சனிக்கிழமைதோறும் நோயாளிகளின் விவரங்களைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றிப் பீரோவில் வைப்பார். நான் கேலி செய்வேன்.

ஒரு காலையில், யாரோ அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தேன். வைரஸ் புகுந்து எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. வேலை போய்விடும் என்ற பயத்தில் மானிட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில், எங்களிடம் வழக்கமாக வரும் ஒரு பெண் மூச்சுவிட முடியாமல் திணற, தூக்கி வந்தார்கள்.

"இவங்களுக்கு எந்த ஊசி ஒத்துக்காதுன்னு பாரும்மா" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எதுவுமே தொறக்கலிங்க சார். நாந்தான் கெடுத்துட்டேன்."

அக்கா ஓடிவந்து, மற்ற கணினிகளுக்குப் பரவாமலிருக்க நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார். நெட் இல்லாத பழைய லேப்டாப்பில் பீரோவிலிருந்த டிஸ்க்கைச் செருகி, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தப்பு நடந்தா ஒளிக்காம ஒடனே சொல்லணும்னு அந்த வழிகாட்டியில போட்டிருக்கு கண்ணு. இப்பவாச்சும் சொன்னியே. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். பின்னாளில் அக்கா ஓசூருக்குப் போய்விட்டார். இன்று எனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். யாராவது தயங்கியபடி வந்து நின்றால், முதலில் உட்காரச் சொல்கிறேன். அப்போதெல்லாம் மனசு அக்காவைத் தேடும்.