கொக்கி மாட்டும் முன்

போன செவ்வாய்க்கிழமை, பத்தமடை தாண்டியதும் எங்கள் கார் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வயல். பின்சீட்டில் என் நான்கு வயது மகள் – இளைப்போடு. சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி டாக்டரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

பஸ்ஸிலேயே போயிருக்கலாமோ... காரைப் போன மாதமே சர்வீஸுக்கு விட்டிருக்கலாமோ... நின்ற காரில் உட்கார்ந்து வேறென்ன யோசிக்க?

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். காரை இழுத்துப் போக ஒரு ரெக்கவரி வேனை அனுப்பி வைத்தார். டிரைவர் இறங்கியதுமே கேட்டேன்.

“எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?”

“மொதல்ல புள்ளைய நெழல்ல உக்கார வைங்கக்கா. துட்டு எங்க ஓடிரப் போவுது?”

இப்படிச் சொன்ன மனிதரிடம் மறுபடியும் விலை கேட்பதா? எங்கள் பக்கத்தில் அது மரியாதையில்லை. உதவிக்கு வந்தவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும். மகளைத் தூக்கிப் போய் நிழலில் உட்கார வைத்தேன். அவர் கொக்கியை மாட்டினார்.

பேட்டையில் அந்த மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப் வாசலில்தான் தொகையைச் சொன்னார். டாக்டருக்கும் டெஸ்ட்டுக்கும் என்று எடுத்து வைத்திருந்தது மொத்தமும் அதற்கே சரியாகப் போகும்.

“இவ்வளவா?”

“வரும்போது வண்டி காலியாத்தானக்கா வந்துச்சு? டீசலு, ஆள் கூலி... மெக்கானிக்குக்குக் கமிஷன் வேற.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா வேண்டாம்னுருப்பியளா?”

காரின் முன்சக்கரங்கள் இன்னும் அந்தரத்தில். தோளில் மகளின் மூச்சு விசில் அடிக்கிறது. கொடுத்தேன்.

அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. ரோட்டில் போன ஆட்டோவை அவரே கைதட்டி நிறுத்தினார்.

“ஏலே, ஆசுபத்திரிக்குப் போறாவ. புள்ளைக்கு முடியல. நியாயமா வாங்கு, என்ன?”

கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கூடங்குளத்தில் வேலையிலிருந்த கணவர் போனிலேயே பணம் அனுப்பினார். டாக்டரைப் பார்த்தோம். மகளுக்கு இப்போது தேவலை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கமே ரேட் வைத்து, அதை வேன் கதவில் எழுதச் சொன்னால் என்ன? நடுரோட்டில் நிற்பவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லை. இளைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவது? போர்டு இருந்தால் நான் கேட்கவும் வேண்டாம், அந்த அண்ணாச்சி சங்கடப்படவும் வேண்டாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த கணவர் பொறுமையாகத்தான் கேட்டார்: “கொக்கி மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

கேட்டேனே... நிழலில் உட்காரச் சொன்னார்.