மழை வராத ஞாயிறு

விழா என்றால் டவுனில் வெயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள். போன வருஷம் நாங்கள் ரப்பர் தோட்டத்தில் மழைக்கு வேண்டிக்கொண்டோம்.

கடல் தாண்டி வந்து இலங்கையில் இந்தப் பக்கம் வேர்விட்ட தோட்டச் சனங்களை ஊரே சேர்ந்து கௌரவிப்பது என்று டவுன் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் பன்சலை என்கிற புத்த கோயில் ஆட்களும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். ஞாயிறு காலை ஊர்வலம், மேடை, பிறகு சாப்பாடு. நல்ல மனசோடுதான் செய்தார்கள். எங்களைக் கேட்டுத்தான் நேரமும் வைத்தார்கள். மழை மாசம், ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு கிடையாது, எல்லோரும் சும்மாதானே இருப்போம் என்று நாங்களே கணக்குப் போட்டுத் தலையாட்டினோம்.

மேடையில் எங்களுக்காகப் பேசவிருந்தவள் என் அண்ணன் மனைவி. மதினிக்குச் சொல்ல ஒரே விஷயம்தான். டவுன் பஸ் பாலத்தோடு திரும்பிவிடுகிறது. அதைத் தோட்டம் வரைக்கும் விட வேண்டும். அவள் மகள் பள்ளிக்கூடம் போக, விடியாத இருட்டில், ரப்பர் காட்டுக்குள் அட்டைக் கடியோடு பாலம் வரை நடக்கிறாள். இதைச் சிங்களத்தில் சொல்ல மதினி அடுப்படியில் நின்று பழகினாள். "நாங்களும் இந்த ஊர் ஆட்கள்தான்" என்று ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த வாரம் முழுக்கப் பெய்த மழை சனிக்கிழமை மத்தியானம் விட்டது. ஞாயிறு விடியும்போது மரப்பட்டை காய்ந்து கிடந்தது. வாரமெல்லாம் வேலை இல்லாத வீட்டில், கிடைத்த ஒரு நாளை எப்படி விடுவது? "மழையும் நம்மள ஏமாத்திருச்சு தம்பி" என்று மதினி கத்தியை எடுத்தாள். நானும் எடுத்தேன். வெட்டினால் போதுமா? பால் வடியக் காத்திருந்து, சிரட்டை சிரட்டையாக வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். குளித்துச் சேலை மாற்றி டவுனில் இறங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் போய் முடிந்திருந்தது. தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துக் கூடை தொங்கவிட்ட டவுன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அதுதான் நாங்களாம். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடி மருந்துக்கும் கிடையாது.

விழாவில் முன்னுக்கு நின்ற துணிக்கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, எங்களைக் கண்டு ஓடி வந்தார்.

"என்ன புள்ள, இப்பவா வாரது? எவ்வளவு நேரம் பாத்தோம்!"

"ஊர் கூடித் தேர் இழுத்துட்டீங்க நானா. சாமிதான் இன்னும் ஏறல" என்றாள் மதினி.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், சாப்புட்டு போங்க" என்றார். பேச்சைப் பற்றி அவரும் கேட்கவில்லை, மதினியும் சொல்லவில்லை. களைப்பில் சோறுகூட இறங்கவில்லை. கையில் பால் வாடை போகாமல் ஒட்டியிருந்தது.

திரும்பும்போது பஸ் வழக்கம்போல் பாலத்தில் நின்றது. எல்லோரும் இறங்கினோம். மதினி மட்டும் படியில் நின்று, கண்டக்டரைப் பார்த்து, "நாங்களும் இந்த ஊர் ஆட்கள்தான்" என்று சிங்களத்தில் ஆரம்பித்தாள். ஒரு சொல் தடுமாறாமல் முழுவதையும் சொன்னாள். அந்தப் பையன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"அக்கே, ஏக்க மட்ட கியலா வெடக் நே" என்றான். என்னிடம் சொல்லிப் பயனில்லை அக்கா என்று.

பஸ் திரும்பிப் போனது. தோட்டப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறிய பிறகு மதினி சொன்னாள்: "அவனுக்கு விளங்கிருச்சு தம்பி. நம்ம சிங்களத்துல குத்தமில்ல."

மறுநாள் விடியவே தகரத்தில் மழை கொட்டியது. பால் வெட்டு இல்லை. அதனால் மதினி குடையை எடுத்துக்கொண்டு மகளோடு பாலம் வரை நடந்தாள்.